பின்னங்கால் கலியபெருமாள்

வால்தாங்க அது. பயப்படாதீங்க, உயிருள்ளது எதுவும் பைக்குள்ள இல்ல. சணல் வால். ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, பைக்குள்ள என்னய்யான்னு. குதிரையில பாதின்னு சொன்னேன். என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தாரு. பாதிக்கு லக்கேஜ் டிக்கெட் வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு.

முட்டியில உரசுதுன்னா சொல்லுங்க, இந்தப் பக்கம் இழுத்துக்கிறேன். நீங்க திண்டுக்கல் வரைக்குமா? நான் அய்யலூர்ல இறங்கணும். இன்னைக்கு வியாழக்கிழமை வேற, அங்க ஆட்டுச் சந்தை. வாலைப் பார்த்துட்டு எவனாவது விலை கேட்டாலும் கேப்பான்.

என் பேரு கலியபெருமாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். ஆனா எங்க காலனியில வந்து கலியபெருமாள் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது. பின்னங்கால் வீடுன்னு கேக்கணும். சின்னப் புள்ள கூட கையைப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டுடும். பெருமைக்குச் சொல்லலைங்க. பெருமைன்னு பார்த்தா அது என்னோடது இல்ல. அதைத் திருப்பிக் குடுக்கத்தான் பஸ் ஏறியிருக்கேன்.

எங்க காலனியில கிறிஸ்மஸுக்கு ஒரு நாடகம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துல ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க ஆரம்பிச்சது. அவங்கள்ல பாதிப் பேரு ஆஸ்திரேலியா போயிட்டாங்க, நாடகம் எங்ககிட்ட தங்கிடுச்சு. சாமி கதை இல்ல. ராஜா, இளவரசி, சூனியக்காரி, அந்த மாதிரி, புள்ளைங்களுக்காக. வருஷா வருஷம் புதுசா ஒரு கதை கட்டுவாங்க. சூனியக்காரி வேஷத்துக்கு மட்டும் பெயிண்ட் ஷாப் ஆளு ஒருத்தரு, மீசையை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு மீசையோடவே சேலை கட்டுவாரு. அவரு இளவரசி முதுகுக்குப் பின்னால வரும்போது கூட்டம் மொத்தமும் ‘பின்னால, பின்னால’ன்னு கத்தணும். ஆபீசருங்க கூட கத்துவாங்க. அப்புறம் குதிரை. கதை நடுக்கடல்ல நடந்தாலும் குதிரை வந்தே ஆகணும், இல்லாட்டி புள்ளைங்க வீட்டுக்குப் போகாது.

குதிரைன்னா ரெண்டு ஆளு. முன்னால ஒருத்தன், தலையும் முன்னங்காலும். பின்னால ஒருத்தன் குனிஞ்சு, முன்னால நிக்கிறவன் பெல்ட்டைப் பிடிச்சுக்கணும். மேல பிரம்புக் கூடு, அதுக்கு மேல துணி, உள்ள திணிச்சிருக்கிறது ஒர்க்‌ஷாப் மிஷின் துடைக்கிற வேஸ்ட் காட்டன். கிரீஸ் வாடை வரும். முன்னால இருக்கிறவன் தொடையில ஒரு தட்டு தட்டினா நடக்கணும், ரெண்டு தட்டினா நிக்கணும். அவ்வளவுதான் பாஷை. பின்னால இருக்கிறவனுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. பதினோரு வருஷம் நான் பின்னங்கால். பதினோரு நாடகத்துல நான் கண்ணால கண்டது மரியசூசையோட பெல்ட் ஒண்ணுதான்.

மரியசூசைதான் தலை. எனக்கு பக்கத்து பெஞ்சு ஃபிட்டர், பக்கத்து லைன் வீடு. ரெண்டு பேரும் ஒரே உயரம், அதனாலதான் எங்களை ஒரே குதிரையில போட்டாங்க. தலைக்குள்ள ரெண்டு கயிறு இருக்கும். ஒண்ணை இழுத்தா கண்ணு சிமிட்டும், இன்னொண்ணை இழுத்தா வாயைத் திறக்கும். சூசை அந்த ரெண்டு கயித்தை வச்சுக்கிட்டு புள்ளைங்களை என்ன பாடு படுத்துவான் தெரியுமா? முன் வரிசையில ஒரு புள்ள மிட்டாயைப் பிரிச்சா போதும், குதிரை அங்கேயே நின்னு வாயைத் திறக்கும். அதெல்லாம் மத்தவங்க சொல்லிக் கேட்டதுதான். நான் பெல்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

இன்னொரு வழக்கம் இருக்கு, அதைச் சொன்னாத்தான் மீதி புரியும். குதிரை கடைசி வரைக்கும் குதிரைதான். எல்லாரும் மேடைக்கு வந்து கும்பிடும்போது கூட தலையைக் கழட்டக் கூடாது. உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா புள்ளைங்க மனசு விட்டுப்போயிடும்னு அந்தக் காலத்துலேயே போட்ட கட்டுப்பாடு. அதனால உள்ள யாரு இருந்தான்னு நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ‘குதிரை: முன், மரியசூசை. பின், கலியபெருமாள்.’ நோட்டீஸ்ல கடைசி வரி. அதுக்குக் கீழ ‘ஒலி ஒளி உதவி’ன்னு வந்துடும்.

இப்ப என் மச்சினனைப் பத்திச் சொல்லணும். என் பொஞ்சாதியோட தம்பி. கோயம்புத்தூர்ல மோட்டார் பம்பு கடை வச்சிருக்கான். நல்ல பையன். ஆனா வருஷா வருஷம் போன் போட்டு ஒரே கேள்விதான் கேப்பான். “என்ன மாமா, இந்த வருஷமும் பின்னாலதானா?” கேட்டுட்டு சிரிப்பான். நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு இல்லைங்க. பதினோரு வருஷத்துல அவன் அதை எத்தனை தடவை கேட்டான்னு கேளுங்க, எனக்குச் சொல்லத் தெரியாது. பதினாலு தடவை.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்மஸ் அவன் குடும்பத்தோட நாடகம் பார்க்க வந்துட்டான். மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கான். நான் திரை ஓட்டை வழியா பார்த்தேன். பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நேரா சூசைகிட்ட போனேன்.

“சூசை, இன்னைக்கு ஒரு நாள் தலையை எனக்குக் குடேன்.”

அவன் பாதி காலை உள்ள விட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். “மச்சினன் வந்திருக்கானா?”

“அதுக்கு இல்லடா.”

“சரி, சரி.” சிரிச்சுக்கிட்டே காலை வெளிய எடுத்தான். “பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்க. நான் பிடிச்சுக்கிறேன்.”

டைரக்டர்கிட்ட சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. நாடகம் முடிஞ்சதும் மச்சினன் தோள்ல கையைப் போட்டு, குதிரைத் தலை யாருன்னு தெரியுமான்னு கேக்கலாம்னு இருந்தேன்.

என்ன சொல்றது. பின்னால இருந்தவனுக்கு முன்னால என்ன கஷ்டம்னு எப்படித் தெரியும்? கண்ணுக் கயிறு என் சட்டைப் பட்டன்ல மாட்டிக்கிச்சு. நான் மூச்சு விட்டாலும் குதிரை கண்ணு சிமிட்டுது. அரண்மனை எந்தப் பக்கம்னு தெரியலை. புள்ளைங்க ‘பின்னால, பின்னால’ன்னு கத்துதுங்க, எனக்குன்னு நினைச்சு நான் திரும்பினேன். கோட்டைச் சுவர் அட்டை, அது சாஞ்சுடுச்சு. தொடையில தட்டணும்ங்கிறதையே மறந்துட்டேன். ஒரு இடத்துல மேடை விளிம்புக்கே போயிட்டேன். சூசை பெல்ட்டோட சேர்த்துப் பின்னால இழுத்தான். இல்லாட்டி மூணாவது வரிசையில மச்சினன் மடியிலதான் விழுந்திருப்பேன்.

முடிஞ்சு ஒப்பனை ரூமுக்குள்ள வந்து எல்லாத்தையும் கழட்டிப் போட்டோம். சூசையோட பேத்தி ஓடி வந்துச்சு. மக வீடு அய்யலூர்ல, கிறிஸ்மஸுக்கு வந்திருந்தாங்க. ஆறு வயசுப் புள்ள. “தாத்தா, ஏன் இன்னைக்குக் குதிரையைக் கெடுத்துட்டே?”ன்னு கேட்டுச்சு. புள்ளைங்கள்ல அதுக்கு மட்டும் தாத்தாதான் குதிரைத் தலைன்னு தெரியும். சூசை என்னைப் பார்க்கக்கூட இல்ல. “குதிரைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லம்மா”ன்னான். நான் சட்டைப் பட்டனைத் தேடிக்கிட்டிருந்தேன்.

சரி, போனது போச்சுன்னுதான் நினைச்சேன். ஆனா எங்க காலனிக்கு மாசா மாசம் ஒரு செய்தி மடல் வரும். எட்டுப் பக்கம். அதுல நாடகத்துக்கு விமர்சனம் எழுதுறவரு ரிட்டயர்டு ஸ்டோர்ஸ் கிளார்க் நமசிவாயம். சர்வீஸ்ல இருந்த காலத்துல நாம கேட்ட பொருளைத் தவிர மத்ததெல்லாம் எடுத்துக் குடுப்பாரு. எழுத்துல அவரு பேரு ‘கழுகுக்கண்’. பயங்கரமான ஆளு. ஒரு தடவை அவரு ‘ராஜா மளிகைக்கடையில் நிற்பதுபோல் நின்றார்’னு எழுதினதுல, ராஜா வேஷம் போட்டவரு டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு.

பதினோரு வருஷத்துல அவரு பின்னங்காலைப் பத்தி ஒரு எழுத்து எழுதினதில்ல. அந்த வருஷம் எழுதினாரு. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க.

“அரண்மனை வாசலில் இளவரசி அழும்போது, குதிரை ஒரு பின்னங்காலை மெல்லத் தளர்த்தி, பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொண்டு நின்றது. நெருங்கியவர் அழும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மனிதரின் நிலை அது. வசனமில்லை, முகமில்லை. இந்த நாடகத்தில் நடித்தவை அந்த இரண்டு கால்கள் மட்டுமே. கலியபெருமாளுக்கு என் வணக்கம்.”

அடுத்த பாரா. “தலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியசூசைக்கு மரியாதை. ஆயினும் சொல்கிறேன். பழக்கம் ஒரு கலைஞரை இவ்வளவு அலட்சியமாக்கக் கூடாது. குதிரைக்குக் கண்நோய் என்றே குழந்தைகள் நினைத்தனர்.”

மடலை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்ததே சூசைதாங்க. ஞாயித்துக்கிழமை காலையில. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னான், நான் வெளிய வர்ற வரைக்கும். வந்ததும் கையில குடுத்தான். “நல்லா எழுதியிருக்கான்ல?” அவ்வளவுதான் சொன்னான். என் பொஞ்சாதி மங்கை காப்பி கொண்டாந்தா. மடலை வாங்கி சத்தமா படிச்சா. படிச்சுட்டு என்னைப் பார்த்துக் கேட்டா, “ஏங்க, இது நீங்களா செஞ்சது?”

நான் காப்பியை ஆத்தினேன்.

மறுபடியும் கேட்டா. “காலைத் தளர்த்தி நின்னது நீங்களா?”

“அது... தானா வந்துச்சு”ன்னேன்.

சூசை காப்பியைக் குடிச்சான். டம்ளரைக் கீழ வச்சான். “வரேன் தங்கச்சி”ன்னு எழுந்திரிச்சுப் போயிட்டான்.

நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. நான் அப்ப எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டேன். பதினோரு வருஷமா இந்த இடுப்பு குனிஞ்சிருக்கு, கழுகுக்கண்ணுக்குத் தெரியலை. இப்ப லேட்டா வந்திருக்கு, ஆளு மாறி வந்திருந்தா என்னன்னு. ரொம்ப நல்ல நியாயமாத்தான் இருந்துச்சு, சூசை எதிர்ல வராத நேரம் எல்லாம். மச்சினன் போன் போட்டான். “மாமா, பின்னாலதான் விஷயமே இருக்குன்னு சொல்லவே இல்லையே.” சொல்லலையே. அதானே என் கஷ்டம்.

மணப்பாறையா இது? சீக்கிரம் வந்துட்டான். முறுக்கு வேணுமா? நான் வாங்கித் தரேன். வேண்டாமா, சரி.

அப்புறம் சால்வை போட்டாங்க. ரெண்டு. பின்னங்கால்னு பேரு வந்துச்சு. நாடகக் கமிட்டியில சேர்த்துக்கிட்டாங்க. போன வருஷம் நவம்பர்ல கமிட்டி கூடுது. செயலாளர் சொல்றாரு, “சூசைக்கு வயசாயிடுச்சு, தலையை வேற ஆளுக்குக் குடுப்போம், நீங்க என்ன சொல்றீங்க பின்னங்கால்?” எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. ஒரு வார்த்தை. ‘தப்பு பண்ணினது நான்’னு ஒரு வார்த்தை. நான் சொன்னேன், “கமிட்டி முடிவு எதுவோ அதுதான்.” சொல்லிட்டு பிஸ்கட் எடுத்துக்கிட்டேன். அது கூட ஞாபகம் இருக்கு, க்ரீம் பிஸ்கட்.

போன கிறிஸ்மஸ் நாடகத்துல தலைக்கு எலெக்ட்ரிகல் ஷாப் ஆளு. நான் பின்னால. இளவரசி அழுற இடம் வந்துச்சு. கூட்டம் பூரா பின்னங்காலையே பார்த்துக்கிட்டிருக்குன்னு எனக்குத் துணிக்குள்ள இருந்தே தெரியுது. சூசை செஞ்சதைச் செய்யணுமே. ஒரு காலைத் தளர்த்தினேன். இன்னொரு கால் என்னைக் கேக்காமலே தளர்ந்துடுச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன். பிரம்பு முறிஞ்சு, குதிரை நடு மேடையில நாய் மாதிரி உட்கார்ந்திருக்கு. கூட்டம் சிரிச்ச சிரிப்புல இளவரசியும் சிரிச்சுட்டா.

ரூமுக்கு வந்து துணியை விலக்கினா, எதிர்ல சூசை நிக்கிறான். கடைசி வரிசையில இருந்து எழுந்திரிச்சு ஓடி வந்திருக்கான். அத்தனை பேரு சிரிச்சுக்கிட்டிருக்காங்க, அவன் மட்டும் சிரிக்கலை. “அடி பட்டுச்சாடா?” அதைத் தவிர ஒண்ணும் கேக்கலை. குனிஞ்சு என் முட்டியைத் தடவிப் பார்த்துட்டுப் போயிட்டான். எனக்கு அன்னைக்கு வலிச்ச இடம் முட்டி இல்லைங்க.

கழுகுக்கண் என்ன எழுதினாரு தெரியுமா? “துயரம் தாங்காமல் உட்கார்ந்தே விடுகிற குதிரை! கலியபெருமாளின் கலை ஆண்டுக்காண்டு புதிய ஆழம் காண்கிறது.” ஆழம்தான். மேடைப் பலகை இல்லாம இருந்திருந்தா இன்னும் ஆழமா போயிருப்பேன்.

ஜனவரியில சூசை ரிட்டயர் ஆனான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு அய்யலூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டான். சாமான் ஏத்தும்போது நானும்தான் கூடப் பிடிச்சேன். பீரோவோட ஒரு முனையில அவன், ஒரு முனையில நான். அப்பவும் சொல்லலை. பொங்கல் கழிச்சு போய் சொல்லுவோம், கோடை கழிச்சு போவோம்னு ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

பத்து நாளைக்கு முன்னால, இந்த வருஷ நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி பேரெல்லாம் சரி பார்க்கச் சொல்லி என்கிட்ட குடுத்தாங்க. ‘பின்: கலியபெருமாள்’னு இருக்கு. மங்கை தோசை ஊத்திக்கிட்டே எட்டிப் பார்த்தா.

“இந்த வருஷமும் உங்க பேரா?”

“ஏன், என்ன?”

திரும்பக்கூட இல்லைங்க அவ. தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னா. “இருபத்தேழு வருஷமா உங்க காலை நான் பார்க்கிறேன். அன்னைக்கு மேடையில நின்னது உங்க காலு இல்லன்னு எனக்குத் தெரியாதா? சூசை அண்ணன் நம்ம வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு எப்படி நிப்பாரு? ஒரு காலைத் தளர்த்தி, குதிகாலைத் தூக்கிக்கிட்டு. வருஷக்கணக்கா அதே நிலைதானே?”

“அப்புறம் ஏண்டி அன்னைக்கு அவன் முன்னால என்னைக் கேட்டே?”

“அதுக்குத்தான் ரெண்டு தடவை கேட்டேன்”னா. தோசையை என் தட்டுல போட்டுட்டு அடுத்ததை ஊத்தப் போயிட்டா.

பாருங்க, நான் யாரை ஏமாத்தினேன்? ரெண்டு வருஷமா சாப்பாடு போட்டவ ஒருத்தி, பெல்ட்டைப் பிடிச்சவன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் தெரியும். தெரியாதவரு கழுகுக்கண் ஒருத்தருதான்.

மறுநாள் அவரு வீட்டுக்கே போனேன். ஐயா, அன்னைக்கு கால் சூசையோடது, தலைதான் நான், மடல்ல ஒரு திருத்தம் போட்டுடுங்கன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. “கலியபெருமாள், உங்களுக்குத் தன்னடக்கம் அதிகம்”னாரு. இல்லய்யா நிஜமாவேன்னு தலையில அடிச்சுக்காத குறை. கடைசியில, “கால் யாருடையதாக இருந்தால் என்ன, என் கருத்து கால் பற்றியது”ன்னுட்டாரு. அதோட இந்த மாசம் மடல்ல இடம் இல்லையாம், கண் பரிசோதனை முகாம் அறிவிப்பு இருக்காம். அதுக்கு நீங்களும் போயிட்டு வாங்கய்யான்னு சொல்லிட்டு வந்தேன்.

வந்து ஒரு காரியம் பண்ணினேன். தைரியம்னு சொல்ல மாட்டேன், கிறுக்குத்தனம். பை ஓரத்துல இருக்கு பாருங்க, அந்தத் தாளை எடுங்க. அதுதான் நோட்டீஸ். கடைசி வரியைப் படிங்க. ‘முன்: கலியபெருமாள். பின்: மரியசூசை.’ அதுக்குக் கீழ இன்னொரு வரி, நானே எழுதிச் சேர்த்தது. ‘இரண்டு ஆண்டுக்கு முன் நடந்த நாடகத்திலும் இவ்வாறே.’ காலனி பூரா வீட்டுக்கு வீடு போட்டாச்சு. சூசைகிட்ட கேக்கவே இல்ல. செயலாளர் கேட்டாரு, “அவரு வரலைன்னா குதிரைக்குப் பின்னங்கால்?” எனக்குத் தெரியலைங்கன்னு சொன்னேன். இனிமே அவன் வந்தா குதிரை, வராட்டி நான் தலையை மாட்டிக்கிட்டு ரெண்டு காலோட மேடைக்குப் போகணும். போவேன். அது எனக்கு வேணும்தான்.

நேத்து போன் போட்டேன். சூசை, நான் நாளைக்கு வரேன், உன் பேத்திகிட்ட ஒண்ணு சொல்லணும், குதிரையைக் கெடுத்தது யாருன்னு சொல்லணும்னேன். ‘வா’ன்னு ஒரே வார்த்தை சொன்னான். வச்சுட்டான். அந்த ‘வா’வுக்கு என்ன அர்த்தம்னு ராத்திரி பூரா மங்கைகிட்ட கேட்டேன். வந்து சாப்பிடுன்னா, வந்து வாங்கிக்கன்னா? போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு சொல்லிட்டு அவ தூங்கிட்டா.

வையம்பட்டி எப்பவோ தாண்டியாச்சே. உங்ககிட்ட பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. இதுவரைக்கும் யார்கிட்டயும் இப்படி முழுசா சொன்னதில்லைங்க. அந்தப் புள்ளகிட்ட சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கலாம்னுதான். எப்படி இருந்துச்சு? கொஞ்சம் எனக்குச் சாதகமா சொல்லிட்டேனோ? அந்த ‘பதினோரு வருஷம் குனிஞ்ச இடுப்பு’ வேண்டாம்ல? விட்டுடறேன்.

கண்டக்டர், அய்யலூர் இறக்கம் ஒண்ணு.

நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. எனக்குப் பார்க்க என்னமோ போல இருக்கு. வேப்ப மரத்துக்குக் கீழ, டீக்கடை பக்கத்துல, வெள்ளைச் சட்டை, நரைச்ச தலை, யாராவது நிக்கிறாங்களா? நிக்கிறாரா? எப்படி நிக்கிறாரு? இல்லைங்க, மூஞ்சியை விடுங்க, மூஞ்சியை நான் அப்புறம் பார்த்துக்கிறேன். காலைப் பாருங்க.

ஒரு காலைத் தளர்த்தி. குதிகாலைத் தூக்கிக்கிட்டு.

தெரியுதுல்ல? ஓடுற பஸ்ஸுல இருந்து உங்களுக்கே தெரியுது. முன்னப் பின்ன பார்க்காத ஆளு நீங்க. இதைத்தாங்க கழுகுக்கண் அத்தனை வரி எழுதினது.

சரி, நான் இறங்குறேன். படியில கூட்டம், பையோட இறங்க முடியாது போல. நான் கீழ போயிடறேன், நீங்க ஜன்னல் வழியா அதை நீட்டிடுங்க. முதல்ல வாலை விடுங்க, அப்புறம் பை தானா வந்துடும். நோட்டீஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணி, வந்தீங்கன்னா முன் வரிசையில உட்கார வைக்கிறேன்.

வழி விடுங்கம்மா. கொஞ்சம் வழி.

ம், நீட்டுங்க. இல்ல, இல்ல, என்கிட்ட வேண்டாங்க. பக்கத்துல வந்து நிக்கிறாரு பாருங்க, அவர்கிட்ட குடுங்க. அவரோடதுதான்.